மரக்காணத்தில் பாக்கெட் உப்பு

மரக்காணம் தாண்டியதும் பஸ் பஞ்சர். சாலையின் இருபுறமும் ஆளுயர உப்புக் குவியல்கள். ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண், தோட்டத்தில் காய்த்து மிஞ்சிய பச்சைமிளகாயைக் கீறி மோரில் போடுகிறாள். பிறகு கடையில் வாங்கிய உப்புப் பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கிறாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“இவ்ளோ உப்பு இருக்குது, கடையில எதுக்கும்மா வாங்குறீங்க? இது நல்லா இருக்காதா?”

“நல்ல உப்புதாங்க. எங்க வூட்டுக்காரருதான் வாருறாரு.” கத்தி நுனியால் எதிரேயுள்ள உப்புப் பாத்தியைக் காட்டுகிறாள். “சுனாமியில அவரு தங்கச்சி அதுலதாங்க பொணமா கெடந்துச்சு.”

பாத்தியில் ஒருவர் குனிந்து உப்பை வாரிக்கொண்டிருக்கிறார். அவரேதானா? அதே இடத்திலா? கரையில் நிற்கும் உப்பு லாரியைப் பார்த்து, “இது எந்த ஊருக்குப் போவுது?” என்கிறேன்.

“திண்டிவனத்துக்குங்க.”

என் வீடும் திண்டிவனத்தில்தான்.