பாலத்து இறக்கமும் சின்ன டர்போவும்

1. கயிறு கட்டி வந்த கார்

வேல்ச்சாமியின் டீசல் அம்பாசிடரை ஒரு மீன் வண்டி கயிறு கட்டி இழுத்து வந்தபோது, தூத்துக்குடிக்குப் போவதற்காக நான் பையைக் கட்டி வைத்திருந்தேன். ராமநாதபுரத்தில் காதர் பாயின் மெக்கானிக் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்து ஒரு கோடையும் ஒரு காற்றுக்காலமும் போயிருந்தன. அதற்கு மேல் ஓர் ஊரில் இருந்தால் எனக்குத் தூக்கம் பிடிக்காது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டதிலிருந்து அப்படித்தான். மண்டபத்தில் போட் இஞ்சின், பிறகு போர் போடும் ரிக் வண்டி, அதோடு ஆந்திரக் காடுகள், அங்கே காய்ச்சல் வந்து படுத்து எழுந்து மறுபடியும் இந்தக் கடற்கரை. பையில் இரண்டு சட்டையும் ஒரு செட் ஸ்பேனரும் இருந்தால் எனக்குப் போதும்.

பானெட்டைத் திறந்ததும் கருகிய ஆயில் வாடை முகத்தில் அடித்தது. நான் பொருத்திக் கொடுத்த டர்போவின் ஹோஸைக் கழற்றி, உள்ளே இருக்கும் விசிறியை விரலால் பிடித்து ஆட்டினேன். நன்றாக இருக்கும் டர்போவில் அந்த ஆட்டம் கைக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். இதில் அது விழப்போகும் பால்பல் மாதிரி ஆடியது. இறக்கைகள் கூட்டில் உரசித் தேய்ந்திருந்தன.

காதர் பாய் எட்டிப் பார்த்துவிட்டு, "கெழவனுக்கு ஓட்டப்பந்தய பூட்ஸ் மாட்டிவிட்ட கதையா இருக்குலே" என்றார்.

வேல்ச்சாமி சிரிக்கவில்லை. சத்தமும் போடவில்லை. "சின்னதப் போட்டுட்டீங்கண்ணே" என்றான். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டுவிட்டு பஸ் ஏறியிருப்பேன். அப்படிச் சொன்ன பிறகு ஏற முடியவில்லை. பையை ஆணியில் திரும்ப மாட்டினேன்.

2. எந்த டர்போ

வேல்ச்சாமி அபிராமத்துப் பக்கத்துக்காரன். மானாவாரி மிளகாய்க் காட்டை அண்ணனிடம் விட்டுவிட்டு, இந்தக் காரை வாங்கிக்கொண்டு ராமநாதபுரத்துக்கு வந்தவன். தங்கச்சிமடம் தாண்டி ஒரு பள்ளியில் வேலை பார்க்கும் நான்கு டீச்சர்களைக் காலையில் கொண்டுபோய் விட்டு, மாலையில் கூட்டி வருவான். அந்த நிரந்தர டிரிப்பில்தான் அவன் வீட்டு அடுப்பு எரிந்தது.

ஆடி மாதத்தில் அதற்கு ஆபத்து வந்தது. கச்சான் எனும் தென்மேற்குக் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது, நான்கு பேரையும் சாப்பாட்டுக் கூடைகளையும் ஏற்றிக்கொண்டு அந்த வண்டி பாம்பன் பாலத்து ஏற்றத்தில் நொண்டியது. வழியில் ரயில்வே கேட்டும் அடைத்திருந்தால் பள்ளி மணி அடித்த பிறகுதான் போய்ச் சேரும். தாமதமானால் டீச்சர்களுக்கு அரை நாள் விடுப்பு போய்விடும். அந்தச் சமயத்தில் ஒருவர் புது டர்போ வேன் ஒன்றை அதே ரூட்டில் இறக்கினார். நால்வரில் மூத்தவரை எல்லாரும் பெரிய டீச்சர் என்போம். அவர் வேல்ச்சாமியிடம் நேராகவே சொல்லிவிட்டார்: "வேலு, ஒன்ன விட்டுட்டுப் போக எங்களுக்கு மனசில்ல. ஆனா லீவும் இல்ல."

அவன் என்னிடம் வந்தான். "டர்போ போடணும்ணே. பெருசாப் போடுங்க."

மதுரையில் பழைய பாகங்கள் விற்கும் கடையில் எங்கள் முன்னால் இரண்டு டர்போக்களை வைத்தார்கள். ஒன்று லாரியில் இருந்து கழற்றியது. இன்னொன்று ஏதோ வெளிநாட்டு வேனில் இருந்து கழற்றியது, கையடக்கமாக இருந்தது. வேல்ச்சாமி லாரி டர்போவைத்தான் தூக்கினான், சந்தையில் பூசணிக்காய் எடை பார்ப்பவன் மாதிரி. அவனுக்கு அதுதான் பிடித்திருந்தது.

தொழில் பழகும் இளையவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவதால் கொஞ்சம் விளக்குகிறேன். இஞ்சின் வெளியே தள்ளும் புகை டர்போவின் ஒரு பக்க விசிறியைச் சுழற்றும். அதே தண்டில் இருக்கும் மறுபக்க விசிறி, இஞ்சினுக்குள் அதிகக் காற்றை அழுத்தித் தள்ளும். பெரிய விசிறியைச் சுழற்றப் புகையும் அதிகம் வேண்டும். கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆள் சேரும்வரை வலை அசையாது. பெரிய டர்போவும் அப்படித்தான், இஞ்சின் நன்றாக வேகம் எடுத்த பிறகுதான் விழிக்கும். லாங் டிரிப்பில் விரட்டுகிறவனுக்கு அது சரி. தினமும் மாட்டுக்கும் சைக்கிளுக்கும் பிரேக் போட்டு, மூன்றாம் கியரில் பாலம் ஏறுகிறவனுக்கு அது விழிப்பதற்குள் ஏற்றமே முடிந்துவிடும். தவிர, டர்போ இல்லாமலே ஓடுவதற்குச் செய்த பழைய இஞ்சின் அது. அதிகம் அழுத்தினால் இஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விடும்.

சின்னதையே வாங்கினோம். காலாண்டு விடுமுறையில் வண்டியை ஷெட்டில் நிறுத்தினேன். புகை வெளியேறும் மேனிஃபோல்டில் டர்போவைப் பொருத்தத் தனியாக ஒரு ஃபிளாஞ்ச் கடைந்து, ஆயில் போக ஒரு லைனும், அது இஞ்சின் அடியில் இருக்கும் சம்ப்புக்குத் திரும்பி வர ஒரு லைனும் போட்டேன். டீசல் பம்பில் ஸ்க்ரூவைத் துளி அளவுதான் திருப்பினேன். டர்போ தள்ளும் காற்றழுத்தத்தை, அதாவது பூஸ்ட்டையும் குறைத்தே வைத்தேன்.

வண்டியைக் கொடுக்கும்போது ரிக் வண்டியில் நான் படித்த பாடத்தையும் சொன்னேன். டர்போ தண்டைத் தாங்கிப் பிடிப்பது ஆயில் மட்டும்தான். இஞ்சினை அணைத்தால் ஆயில் வருவது நின்றுவிடும், ஆனால் டர்போ உடனே நிற்காது, சூட்டோடு சுழன்றுகொண்டே இருக்கும். அதனால் போய்ச் சேர்ந்த இடத்தில் கொஞ்ச நேரம் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஐடிலில் ஓடவிட்டுத்தான் அணைக்க வேண்டும். வேல்ச்சாமி அதை வேதமாக எடுத்துக்கொண்டான். பள்ளி வாசலில் டீச்சர்கள் இறங்கிப் போய், பிரார்த்தனைக் கூட்டம் தொடங்கிய பிறகும் இஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பானாம்.

வண்டி நன்றாக இழுத்தது. டீச்சர்கள் மணி அடிக்கும் முன்பே போய்ச் சேர்ந்தார்கள். வேல்ச்சாமி ஷெட்டுக்கு ஒரு சீப்புப் பழத்தோடு வந்தான். மாதம் திரும்பவில்லை, கயிறு கட்டி வந்தது.

3. முன் சீட்டில்

டர்போவின் தண்டை விசிறிகளோடும், அதைத் தாங்கும் புஷ்ஷையும் மாற்றினேன். மாற்றுவது பெரிய வேலையில்லை. ஏன் போனது என்று தெரியவில்லை, அதுதான் சிக்கல். ஆயில் லைனில் அடைப்பில்லை, பிரஷர் சரியாக இருந்தது, ஃபில்டர் புதிது. ஆயில் இல்லாமல் சுழன்ற தண்டுதான் அப்படிக் கருகும். ஆனால் ஆயில் வந்துகொண்டிருந்தது. காரணம் தெரியாமல் மாட்டிக் கொடுத்தால் மறுபடியும் இதேதான் ஆகும்.

அந்த நாட்களில் டீச்சர்கள் டர்போ வேனில் போனார்கள். திங்கட்கிழமை கார் வந்தால் ஏறுகிறோம், இன்னொரு முறை வழியில் நின்றால் வேனுக்கே சொல்லிவிடுவோம் என்று பெரிய டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். வேல்ச்சாமி வண்டி கழுவும் துணியைப் பிழிந்து பிழிந்து நின்றான். "மறுபடி மொளகாக் காட்டுக்குத்தான் போணும் போல" என்றான்.

திங்கட்கிழமை காலை நானும் காரில் ஏறினேன். எனக்காகப் பெரிய டீச்சர் முன் சீட்டை விட்டுப் பின்னால் போய் மற்ற மூவரோடு நெருக்கி உட்கார்ந்தார். "மெக்கானிக்கையும் ஏத்திட்டியா வேலு? நிக்கும்னு முடிவே பண்ணிட்டியா?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். வேல்ச்சாமி கியரைப் போட்டான்.

உச்சிப்புளி தாண்டி மண்டபம்வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. பின்னால் பேச்சு ஓயவில்லை. வினாத்தாள், மருமகள், நெத்திலி விலை. பாலம் ஏறும்போது மூன்றாம் கியர், கால் முழுக்க ஆக்சிலரேட்டரில். டர்போ சீராகப் பாடியது. உச்சிக்கு வந்தோம்.

வேல்ச்சாமியின் கை கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுச் சாவிக்குப் போனது. இஞ்சின் அணைந்தது.

கார் தானாக உருளத் தொடங்கியது. பின்னால் அத்தனை பேச்சும் ஒன்றாக நின்றது. காற்றும், பாலத்தின் இணைப்புகளில் டயர் ஏறி இறங்கும் டக் டக்கும் மட்டும் கேட்டன. திரும்பிப் பார்த்தேன். பெரிய டீச்சர் கண்களை மூடியிருந்தார், வேண்டிக்கொள்வதுபோல உதடுகள் அசைந்தன. மற்ற மூவரும் ஆளுக்கொரு பக்கம் கடலைப் பார்த்தார்கள். எங்கும் உட்கார முடியாத எனக்கே ஒரு கணம் அங்கே உட்கார்ந்திருக்கலாம் போல இருந்தது.

அந்த அமைதியில்தான் அது என் காதில் விழுந்தது. பானெட்டுக்குள் ஒரு மெல்லிய விசில். ஏற்றத்தில் சூடேறிய டர்போ, ஒரு சொட்டு ஆயில் இல்லாமல் தனியே சுற்றிக்கொண்டிருந்தது.

"சாவியப் போடு" என்றேன்.

"கீழ போயி கியர்ல விட்டாப் பிடிச்சுக்கும்ணே."

"இப்பப் போடுறா."

போட்டான். கார் ஒரு குலுக்கலோடு ஸ்டார்ட் ஆனது. பெரிய டீச்சர் கண் திறந்தார்.

4. பள்ளி வாசல்

டீச்சர்கள் இறங்கியதும் அவனிடம் கேட்டேன். ஓட்டக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அப்படித்தான் என்றான். அந்த ரூட்டில் டீசல் மிச்சம் பிடிக்கப் பலரும் செய்வதுதான். இஞ்சின் அணைந்தால் பிரேக் பெடல் கல் மாதிரி இறுகிவிடும், அதற்கே செய்யக் கூடாது. ஆனாலும் செய்வார்கள்.

"நான்தான் சொன்னேனே" என்றேன்.

"போய் நின்ன எடத்துல ஓடவிட்டு அணைன்னு சொன்னீங்க. ஒருநாள் தவறல. பாலத்துல நான் எங்கண்ணே நின்னேன்? வண்டி ஓடிக்கிட்டுல்ல இருந்துச்சு."

பானெட்டைத் தூக்கி ஆயில் கசிகிறதா என்று பார்த்தேன்.

பெரிய டீச்சர் போகாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப இனிமே எறக்கத்துல அணைக்க மாட்டானா?" என்று என்னைக் கேட்டார்.

"அணைக்கக் கூடாது டீச்சர். டர்போவக் கழத்திட்டா அணைக்கலாம். ஆனா பழையபடி லேட்டாகும்."

அவர் பள்ளிக்கூடத்துப் பக்கம் பார்த்தார். உள்ளே பிள்ளைகளின் இரைச்சல். "அந்த வேன்ல பாலம் வந்ததும் தெரியல, போனதும் தெரியல. ஒரே பாட்டு. எனக்கு ஒரு நாளைக்குச் சத்தமில்லாத நேரம்னா இவன் வண்டியில அந்த எறக்கந்தான். வீட்லயும் கெடையாது, இங்கனயும் கெடையாது" என்றார். மணி அடித்தது. உள்ளே போய்விட்டார்.

வேல்ச்சாமியும் நானும் மாலைவரை வேப்பமரத்தடியில் கிடந்தோம். அவன் கொண்டு வந்த சோற்றைத் திறக்கவில்லை. பெரிய டீச்சர் டர்போவைக் கழற்றச் சொல்வாரா, வேனுக்கே போய்விடுவாரா என்று இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டான். எனக்கு என்ன தெரியும்? அத்தனை வருடம் இஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுப் பழகியவன் நான். இஞ்சின் அணையும் அந்த நேரத்துக்காக ஒருவர் காரில் ஏறுவார் என்பது எனக்குப் புதிது.

அதற்குப் பிறகு பல ஊர்களில் பல வண்டிகளுக்கு டர்போ மாட்டியிருக்கிறேன். இஞ்சின் சைஸ், பம்ப், பூஸ்ட், ரேடியேட்டர் எல்லாம் கேட்க வேண்டியவைதான். ஆனால் எதையும் கழற்றுவதற்கு முன் அந்த வண்டியில் ஒரு நாள் போய் வருவேன். ஓட்டுகிறவன் தன் பழக்கத்தை வாயால் சொல்ல மாட்டான். அது பழக்கம் என்றே அவனுக்குத் தெரியாது. பின்னால் உட்காருகிறவர்களுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கும். தொழில் பழகுகிறவர்கள் இதை மட்டுமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

மாலையில் நால்வரும் வந்து ஏறினார்கள். பாம்பன் தாண்டி ஏறி, உச்சிக்கு வந்தோம். வேல்ச்சாமி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தான். கண்ணாடியில் பெரிய டீச்சரைப் பார்த்தான். கை சாவிக்குப் போனது.

"அணைக்காதப்பா" என்றார் அவர். "டர்போ கெட்டுப்போனா மறுபடி அந்த வேன்தான்."

கை திரும்பி வந்தது. இஞ்சின் தடதடக்க கார் இறங்கியது. அவர் அந்தச் சத்தத்திலேயே கண்களை மூடிக்கொண்டார். உதடுகள் அசையக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நான் தூத்துக்குடிக்குப் போனேன்.