ஓடிக்கொண்டிருந்த மோட்டார்

திருச்செங்கோட்டில் ஒரு மோட்டார் கடையில் ஆறு வருடம் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். ஆழ்துளைக் கிணற்றுப் போருக்குள் இறக்குகிற மோட்டாரை விற்பது என் வேலை. "பொம்பளப் புள்ள பொய் சொல்லாதுன்னு சனத்துக்கு ஒரு நெனப்பு இருக்குது" என்று சேர்ந்த அன்றே முதலாளி சொல்லிவிட்டார். அந்த நினைப்புக்குத்தான் எனக்குச் சம்பளம்.

எதிர்க் கம்பெனி மோட்டார் ஒன்றை அறுத்து மேசைமேல் வைத்திருந்தோம். உள்ளே எல்லாம் கரி. தண்ணீர் வற்றிய போரில் சும்மா ஓடிக் கருகியது அது. எந்தக் கம்பெனி மோட்டாரும் அப்படி ஓடினால் கருகத்தான் செய்யும். அதை நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை.

ஒரு பங்குனியில், எலச்சிபாளையம் பக்கமிருந்து ஒரு பெரியவர் ஸ்டார்ட்டருக்குச் சுவிட்ச் வாங்க வந்தார். இருப்பது ஒரே போர். அதை நம்பி ஒன்றரை ஏக்கர் சின்ன வெங்காயமும் நாலு எருமையும். போரில் கிடப்பது எதிர்க் கம்பெனி மோட்டார் என்றார். என் நாக்கு சும்மா இருக்குமா?

"அதுக்குள்ளார செம்பே இல்லீங்க, அலுமினியக் கம்பிங்க. சூடேறுனா வீங்கி உள்ளயே இறுகிக்கும். அப்பறம் போரையே மறந்துற வேண்டியதுதானுங்க."

"நாலு வருசமா நல்லாத்தான ஓடுது, அம்முணி?"

"நல்லா ஓடறப்பவே தூக்கிருங்க. நின்னு போச்சுன்னா தூக்க முடியாதுங்க."

அந்தக் கரியை வெகுநேரம் பார்த்தார். சுவிட்சை வாங்காமலே போனார். புது மோட்டார் எடுக்கக் கட்டாயம் வருவார் என்று முதலாளியிடம் பீற்றிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து வந்தார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை ஆள் வைத்துத் தூக்கியிருக்கிறார். பாதி வழியில் பைப் மூட்டு விட்டுப்போய், மோட்டார் கீழே விழுந்து குழியை அடைத்துக்கொண்டதாம். கொக்கி போட்டுப் பார்த்தும் அசையவில்லை. எருமைகளை மகள் வீட்டுக்கு ஓட்டிவிட்டார். வெங்காயம் காய்ந்துவிட்டது. எடுக்க வேறு வழி ஏதாவது உண்டா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

திட்டப்போகிறார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

"நீ சொன்னாப்பலயே உள்ள இறுகிக்கிச்சு, அம்முணி. நாந்தான் நாளக் கடத்திப்புட்டேன்" என்றார்.

மோட்டார்மேல் ஒரு குற்றமும் இல்லை, தூக்கியதுதான் தப்பு, தூக்கச் சொன்னது நான் என்று சொல்லியிருக்கலாம். சீ, நானும் ஒரு மனுசியா என்று தோன்றியது. தோன்றியதோடு சரி.

எதிர்க் கம்பெனி கடையில் விலை விசாரித்துவிட்டு வந்த இன்னொரு விவசாயி பக்கத்தில் நின்றிருந்தார். பெரியவர் அவரிடம் திரும்பினார். "இந்தப் புள்ள சொல்றதக் கேட்டு நடந்துக்க, சாமி. நான் பட்டுட்டேன்."

அந்த விவசாயி என்னைப் பார்த்தார். "அப்ப எந்த மோட்டாருங்க எடுக்கறது?"

பெரியவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நான் எங்கள் மோட்டாரை எடுத்து அந்த விவசாயி முன்னால் வைத்தேன்.