ஒரு வேளைச் சோறு

நேற்றுக் காலையில் என் வீட்டுக் குசினியில் ஒரே அமளி. கொழும்பில் மோட்டாரில் சுற்றுகிற ராட்டினம் வந்திருக்கிறதாம். பேரப்பிள்ளைகள் ஏழு பேரும் என் இரண்டு காரிலும் நெருக்கியடித்துப் போகிறார்கள். (இரண்டு கார் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. வாசலில் வந்து எண்ணிப் பார்க்கலாம்.) மருமகள் டிபன் கேரியரின் நாலு அடுக்கையும் பரப்பி வைத்துக்கொண்டு, "அங்க கடையில விக்கிறதெல்லாம் ஈ மொச்சது மாமா. நாமளே கட்டிக்கிட்டுப் போறதுதான் நல்லது. புளிச்சோறுன்னா கெடாது" என்றாள். நல்லெண்ணெயில் புளி கொதிக்கிற வாசனை நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கே வந்து என்னைப் பிடித்தது.

"புளிச்சோறு கட்டாதே. காவக்காரர் மோந்து பாத்துருவாரு" என்று சொல்லிவிட்டேன்.

அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி, காய்ச்சல்காரனிடம் கேட்கிற மாதிரி மெதுவாக, "எந்தக் காவக்காரரு மாமா?" என்றாள். அந்த ஆள் செத்து மண்ணாகி எத்தனையோ வருசம். "ஒண்ணுமில்ல, கட்டு" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். கடையிலும் இருப்புக்கொள்ளவில்லை. அதனால் உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. எழுத்துக் கற்றதே முப்பது வயசுக்கு மேல்தான், அதுவும் கருவாட்டு மூட்டைகளில் எழுதியிருக்கிற ஊர்ப் பெயர்களைப் பார்த்து. பிழை இருந்தால் கருவாட்டை நினைத்து மன்னித்துக்கொள்ளுங்கள். அந்தக் கையால்தான் என் மூன்று லொறிகளின் நெற்றியிலும் என் பெயரை நானே பெயிண்டால் எழுதினேன். ஒன்றில் கொஞ்சம் கோணல். இருந்தாலும் பலாங்கொடையில் அதை வாசிக்காதவன் கிடையாது.

நான் சொல்ல வருவது அதற்கு முந்தின காலம். இரத்தினபுரிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நானும் என் சம்சாரம் வெள்ளையம்மாவும் வேலை செய்துகொண்டிருந்தோம். எனக்கு இருபத்தொன்றோ இருபத்திரண்டோ இருக்கும். எங்களுடையது லயத்தில், கூலியாட்கள் குடியிருக்கிற வரிசை வீட்டில், கடைசிக் காம்பரா, மலைச்சரிவை ஒட்டினது. இரத்தினபுரி மழை உங்களுக்குத் தெரியும். சுவர் வியர்க்கும், பாய் வியர்க்கும், மடித்து வைத்த துணியில் காளான் வாசனை வரும். இப்போதும் எங்காவது அந்த ஈரச்சுவர் வாசனை அடித்தால் நான் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடுவேன். கர்வம் பிடித்தவன் என்று சொல்வார்கள். சொல்லட்டும்.

அந்தக் காம்பராவில் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. மூத்தவன் பத்தொன்பது நாள் இருந்தான். அடுத்தவள் ஒரு மாதமும் சொச்சமும். இரண்டு பேருக்கும் நெஞ்சில் சளி கட்டி, மூச்சு முட்டி, அப்படியே போனார்கள். நாலாம் நம்பர் மலை ஓரத்தில், கடைசித் தேயிலை நிரைக்குப் பக்கத்தில் இரண்டு பேரையும் அடக்கம் பண்ணினோம். மூன்றாவது வயிற்றில் வந்து ஏழு மாதம் ஆனபோது வெள்ளையம்மா ஒரு நாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "மூணாவத இந்தக் காம்பராவுல பெக்க மாட்டேன். ரோட்டுல வேணும்னாலும் பெத்துக்கறேன்."

போய்விடலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். அந்த நாளில் அப்படிப் போக முடியாது. தோட்டத்தை விட்டுப் போக வேண்டுமென்றால் துரை 'துண்டு' கொடுக்க வேண்டும். அந்தக் காகிதம் இல்லாமல் போகிறவன் ஓடிப்போனவன். பிடித்தால் கோர்ட்டு, மறியல் என்கிற ஜெயில். இரண்டு தடவை துண்டு கேட்டேன். இரண்டு தடவையும் பெரிய கங்காணி, "பெத்துட்டு எல்லாருந்தான் இருக்காங்க" என்று திருப்பி அனுப்பினார். வேறு காம்பராவாவது கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை.

லயத்துக்குத் துணிமூட்டை சுமந்து வருகிற ஹமீது நானா (நானா என்றால் அண்ணன்) ஒருத்தர்தான் வழி காட்டினார். "தம்பி, ஒன்ட முதுகு இந்த மலையில வீணாப் போகுது. பலாங்கொடைக்கு வா, என்ட கடையில மூட்டை தூக்கு. ஆனா நான் கூப்பிட்டேண்டு வரப்படாது. நீயா வரணும்" என்றார். இரத்தினபுரி டவுனிலிருந்து பலாங்கொடைக்கு ஆரோக்கியமான ஆள் விடிய நடக்கத் தொடங்கினால் பொழுது சாயப் போய்ச் சேரலாம். ஏழு மாதக்காரிக்கு இரண்டு நாள், இல்லாவிட்டால் மூன்று.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் துரை கலியாணம் பண்ணிக்கொண்டு வந்தார். அந்தச் சந்தோஷத்தில் தோட்டம் முழுக்க ஒரு நாள் லீவு. இரத்தினபுரியில் ஆற்றங்கரை மைதானத்தில் மரக்குதிரை ராட்டினமும் கூடாரமும் போட்டிருந்தார்கள். அவனவன் சோற்றை அவனவன் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, சாயந்தரம் கூட்டமாகத் திரும்ப வேண்டும் என்று உத்தரவு. எங்களுக்கு இதைவிட்டால் வேறு நாள் இல்லை.

ஆனால் தோட்டத்து எல்லைப் பாலத்தில் காவக்காரர் இருந்தார். அவருக்கு நாய் தோற்கும் மூக்கு. சோற்று மூட்டையைப் பிரிக்கக்கூட மாட்டார், மோந்து பார்ப்பார். முந்தின வருசம் எங்கள் லயத்துப் புருசன் பெண்சாதி இரண்டு பேர், பக்கத்துத் தோட்டத்தில் ஒரு சாவு என்று சொல்லிப் புறப்பட்டார்கள். மூட்டையில் புளிச்சோறு. "எழவு வீட்டுக்குப் போறவன் மூணு நாள் சோறு எதுக்குடா கட்டறான்?" என்று அங்கேயே பிடித்து நிறுத்திவிட்டார். அவனுக்கு மறியல். அதற்கப்புறம் எங்கள் தோட்டத்தில் தீபாவளிக்குக்கூடப் புளிச்சோறு ஆக்கப் பயந்தார்கள்.

ஆகவே மூன்று நாள் நடைக்கு நாங்கள் ஒரு வேளைச் சோறுதான் கட்ட முடியும். அதுவும் திரும்பி வரப்போகிறவன் கட்டுகிற சோறு. வெறும் வெள்ளைச் சோறு, பச்சைத் தேங்காய்ச் சம்பல், சுட்ட கருவாடு ஒரு துண்டு. பொழுது சாய்ந்தால் கெட்டு நூல் விடுகிற சாப்பாடு. வாழையிலையை அடுப்பு அனலில் வாட்டி, அதில் சோற்றை அமுக்கி அமுக்கி வைத்தேன். எவ்வளவு அமுக்கினாலும் ஒரு வேளைச் சோறு ஒரு வேளைச் சோறுதானே. வெள்ளையம்மா இரண்டு சேலையை ஒன்றின்மேல் ஒன்றாக உடுத்திக்கொண்டாள். சட்டி பானை எல்லாம் போட்டது போட்டபடி. சாயந்தரத்துக்கு ஆகட்டும் என்பது போல அடுப்புக்கு மேலே ஈர விறகைக்கூட அடுக்கி வைத்தோம். பொட்டலத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, பீலித் தண்ணீரில் முகம் கழுவி வருகிறேன் என்று போனவள் வர நேரமாகிவிட்டது. வந்தவளை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவள் முன்னால் நடந்தாள்.

பாலத்தில் காவக்காரர் பொட்டலத்தை மூக்குக்குக் கொண்டுபோனார். "சம்பலு" என்றார். பிறகு அவளை மேலும் கீழும் பார்த்தார். "புள்ளத்தாச்சிக்கு என்ன ராட்டினம்?"

"உள்ள இருக்கறதுக்கு இப்பவே காட்டிப்புடறேன். அது வெளிய வந்தா நீங்க லீவு குடுக்க மாட்டீங்களே" என்றாள் வெள்ளையம்மா.

அவர் சிரித்துவிட்டார். பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

மைதானத்தில் எங்கள் கூட்டத்துக்குக் காவலாக வந்தவர் சில்லறைக் கங்காணி ரெங்கசாமி. இருபது ஆளை மேய்க்கிற சின்னக் கங்காணி. நாங்கள் நழுவுவதற்குக் கணக்கு வைத்திருந்தது மத்தியானம், எல்லாரும் சாப்பாட்டில் குனிந்திருக்கிற நேரம். அதுவரைக்கும் சந்தோஷமாக இருக்கிற மாதிரி காட்ட வேண்டுமே, அதற்காக ராட்டினத்தில் ஏறினேன். நாலு ஆள் தள்ளத் தள்ள அது சுற்றியது. ஒவ்வொரு சுற்றிலும் ஆற்றங்கரை, பலாங்கொடைக்குப் போகிற ரோட்டு, கங்காணி, வெள்ளையம்மா, திரும்பவும் ஆற்றங்கரை. எல்லாரும் கத்திச் சிரிக்கிறார்கள். மரக்குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகையை விழுங்கினவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

மத்தியானம் ஓரமாகப் போய் உட்கார்ந்தோம். எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம். வெளியே போகிற இடத்தில் கங்காணி ஒவ்வொரு இலையிலும் ஒரு கவளம் எடுப்பார். மரியாதை அது. ரெங்கசாமி கங்காணி அங்கே இங்கே எடுத்துவிட்டு நேரே எங்களிடம் வந்து குந்தினார். நான் இலையைப் பிரித்தேன். காலையில் நான் அமுக்கி வைத்ததில் பாதிதான் இருந்தது.

கங்காணி கவளத்தை உருட்டிக்கொண்டே, "ரெண்டு ஆளுக்கு இம்புட்டுத்தானா? மிச்சத்த எங்க ஒளிச்சு வச்சிருக்க?" என்றார்.

பயந்து பயந்து அதிகமில்லாமல் கட்டினோம். குறைந்தால் பிடிபடுவோம் என்று யார் நினைத்தது?

வெள்ளையம்மா குனிந்தபடி சொன்னாள்: "புள்ளைங்களுக்கு வச்சிட்டு வந்தேன், கங்காணியாரே. நாலாம் நம்பர்ல."

அப்போதுதான் எனக்கே தெரியும். கங்காணிக்கும் அந்த இடம் தெரியும். இரண்டு தடவையும் மண்வெட்டி எடுத்துக் குழி வெட்டினவர் அவர்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னிக்கு எதுக்கு? நாளைக்கு வச்சா ஆகாதா?" என்று கேட்டார்.

பொய் சொல்லத் தெரிந்தவள்தான், காவக்காரரிடம் சொல்லவில்லையா? இதற்கு மட்டும் அவளுக்குப் பொய் வரவில்லை. ராட்டினக்காரன் அடுத்த சுற்றுக்கு ஆள் கூப்பிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. எங்கள் மூன்று பேருக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டது.

கங்காணி கையில் உருட்டின கவளத்தைத் திரும்ப எங்கள் இலையிலேயே வைத்தார். எழுந்து போய் ஆற்றில் கை கழுவினார். கழுவினவர் அங்கேயே ஒரு கல்லில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

நாங்கள் இலையை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தோம்.

கங்காணி கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஓடி வந்தேன் என்று நான் எத்தனை கலியாண வீட்டில் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? எல்லாரும் சிரிப்பார்கள். வெள்ளையம்மா மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள். சாயந்தரம் தலை எண்ணினபோது ஆள் சரி என்று சொன்னது யார் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில்தான் எங்களைக் காணோம் என்று கூச்சல் கிளம்பியதாக ஹமீது நானா பிறகு சொன்னார்.

ரோட்டில் போகாமல் வயல் வரப்பிலும் றப்பர் தோட்டத்து ஓரத்திலும் நடந்தோம். மழை பிடித்துக்கொண்டது. அட்டை ஏறி ஏறி அவள் காலில் இரத்தம் சேலைக் கரையோடு ஒட்டியது. அந்தப் பாதிச் சோற்றை அவளைத்தான் சாப்பிடச் சொன்னேன். அவள் எனக்கென்று பாதியில் பாதி வைத்தாள்; நான் அதை அவளுக்கென்றே மடித்து வைத்தேன். மறுநாள் பிரித்தால் நூல் விட்டிருந்தது. அதையும் அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்று, கொஞ்ச தூரத்தில் வாந்தி எடுத்தாள். "அந்தச் சோறு முழுசா இருந்திருந்தா..." என்று நான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் என் முகத்தைப் பார்க்காமல், "நீங்க திங்கறதுக்கு இன்னும் எத்தனயோ வேள இருக்கு. அதுங்களுக்கு அது ஒண்ணுதான்" என்றாள். வயிற்றில் அசைவு இல்லை என்று ஒரு இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் சாமியையும் திட்டினேன், அவளையும் திட்டினேன், என்னையும் திட்டிக்கொண்டேன். பெல்மதுளை தாண்டி ஒரு சிங்களத்தி வாசலில் நின்றோம். எந்தத் தோட்டம் என்று கேட்காமல் அவித்த பலாச்சுளையும் தேங்காய்ப்பூவும் கொண்டு வந்து, "கன்ன, துவே" என்று அவள் கையில் வைத்தாள். சாப்பிடு மகளே என்று அர்த்தம். சாப்பிட்டு ஒரு நாழிகை கழித்து வெள்ளையம்மா என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தாள். உதைத்தது.

அந்தப் பிள்ளை ஹமீது நானா கடைப் பின்கட்டில், காய்ந்த தரையில் பிறந்து பிழைத்தது. என் மூத்த மகள் அவள்தான். மூட்டை தூக்கினேன், பிறகு மூட்டை வாங்கினேன், பிறகு கடை வாங்கினேன். அந்தக் கதை உங்களுக்கு அலுக்கிற அளவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

துண்டுச் சட்டமெல்லாம் போன பிறகு முதல் கார் வாங்கினேன். "கதிர்காமம் போவமா, எங்க போவோம்?" என்று வெள்ளையம்மாவிடம் கேட்டேன். "தோட்டத்துக்குப் போவோம்" என்றாள். விடிய எழுந்து சோறு ஆக்கிக் கட்டினாள். எல்லைப் பாலத்தில் ஆள் இல்லை. லயத்தில் எங்கள் பக்கம் இடிந்து கிடந்தது. ரெங்கசாமி கங்காணி செத்துப்போய் இரண்டு வருசம் என்றார்கள். நாலாம் நம்பர் மலைக்குப் போனோம். தேயிலையை வேரோடு பிடுங்கி மலை முழுக்க றப்பர் போட்டிருந்தார்கள். புதுசாகத் தண்ணீர்க் கான் வெட்டி, மண்ணையே புரட்டிவிட்டிருந்தார்கள். கடைசி நிரையும் இல்லை, நாங்கள் வைத்த அடையாளக் கல்லும் இல்லை. அங்கே வேலை செய்துகொண்டிருந்த கணக்கப்பிள்ளைக்கு அப்படி ஒரு இடம் இருந்ததே தெரியாது.

வெள்ளையம்மா பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எங்கங்க வைக்கிறது?" என்று என்னைக் கேட்டாள்.

அந்த மாதிரி நாலு மலையை வாங்குகிற வசதி அன்றைக்கு எனக்கு இருந்தது. ஒரு இடத்தைக் காட்டத் தெரியவில்லை.

அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். பிறகு முதல் மரத்தடியில் ஒரு பிடி வைத்தாள். அடுத்த மரத்தடியில் ஒரு பிடி. அப்படியே வைத்துக்கொண்டு போனாள். ஒரு நிரை முடிவதற்குள் சோறு தீர்ந்துவிட்டது.

அவள் போய் நாலு வருசம் ஆகிறது. போன மாதம் அந்தப் பக்கம் லொறி கொண்டுபோன டிரைவர் சொன்னான், அந்த றப்பரையும் வெட்டிவிட்டார்களாம். மலை மொட்டையாகக் கிடக்கிறதாம்.