மணி நின்றால் ஓடு

சுவரில் ஒரு பலகை. பலகையில் ஐந்து சிவப்பு பல்புகள், அவற்றுக்கு மேலே ஒரு கரண்டு மணி. முன்னால் ஒரு ஸ்டூல். ஸ்டூலின் மேல் நான். எழுபதுகளில் கேரள எல்லையில் மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் பால் சங்கம் ஒரு சில்லிங் சென்டர் திறந்தபோது எனக்குக் கிடைத்த உத்தியோகம் இதுதான். பால் சூடாக இருந்தால் ஒரு பல்பு எரியும். ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் மட்டம் குறைந்தால் ஒன்று. கம்ப்ரசர் திணறினால் ஒன்று. தண்ணீர் மோட்டார் நின்றால் ஒன்று. ஐந்தாவது எதற்கென்று மாட்டியவருக்கே மறந்துவிட்டது. எது எரிந்தாலும் ஒரே மணிதான் அடிக்கும். அடித்தால் பார்த்து ஆளைக் கூப்பிட வேண்டியது என் வேலை.

பள்ளிக்கூடம் என்னை மூன்றாம் வகுப்பிலேயே கும்பிட்டு அனுப்பிவிட்டது. அதற்குப் பிறகு எருமை மேய்த்தேன். மேய்த்தேன் என்பதைவிடத் தேடினேன் என்பதே பொருத்தம். நான் வேப்பமரத்தடியில் கண்ணயர்ந்து எழும்போது எருமை பொள்ளாச்சிப் பக்கம் எல்லை தாண்டியிருக்கும். அதனால் சென்டருக்கு ஆள் எடுத்தபோது, "உக்காந்தே பாக்கற வேலையாமா, இவனை உட்டா வேற ஆரு இருக்கறாங்க?" என்று ஊரே எனக்குச் சிபாரிசு செய்தது.

சென்டரின் தொழில் எளிமையானது. கறந்த சூட்டோடு வரும் பாலை, உள்ளே ஐஸ் தண்ணீர் ஓடும் தகடுகளின் மேல் வழியவிட்டு, குளிரவைத்துப் பெரிய தொட்டியில் சேர்க்க வேண்டும். பாலக்காட்டிலிருந்து லாரி வரும்வரை அது திரியாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானைத்தான் எங்களால் செய்ய முடியவில்லை.

முதல் தடவை பால் திரிந்த அன்று மணி நன்றாகவே அடித்தது. எல்லோரும் கேட்டோம். பல்பைப் பார்த்து நானும் குரல் கொடுத்தேன். கம்ப்ரசர்காரர் போயிருப்பார் என்று கேன் கழுவுகிறவர் நினைத்தார். கேன் கழுவுகிறவர் போயிருப்பார் என்று கம்ப்ரசர்காரர் நினைத்தார். இரண்டு பேரும் போயிருப்பார்கள் என்று நான் நிம்மதியாக வெற்றிலை போட்டேன். பால் தயிராகும் வழியில் பாதி தூரம் போயிருந்தது.

இரண்டாம் தடவை மணி அடிக்கவே இல்லை. அடிக்காததால் எல்லாம் நலம் என்று இருந்தோம். பிறகு பார்த்தால் தண்ணீர் மோட்டாரின் பெல்ட் அறுந்து கிடந்தது. பலகைக்கு வரும் பியூசோ எப்போதோ எரிந்துபோயிருந்தது. காவல்காரன் செத்துக் கிடக்க, திருடன் வரவில்லை என்று நாங்கள் சந்தோஷமாக இருந்திருக்கிறோம்.

அன்று சங்கத்துப் பிரசிடெண்ட் வந்தார். தென்னந்தோப்புக்காரர், அதிகம் பேசாதவர்.

"இன்னொருக்கா பாலு திரிஞ்சுதுன்னா சென்டரைப் பூட்டிப்போடுவேன். அப்பறம் அவங்கவங்க டீக்கடைக்காரன் சொன்ன வெலைக்கு ஊத்திக்குங்க."

வரிசையில் பால் கேனோடு நின்றிருந்த என் மனைவி இதைக் கேட்டுவிட்டாள். வீடு போய்ச் சேரும்வரை வாயைத் திறக்கவில்லை. சேர்ந்ததும் திறந்தாள்.

"ஏனுங்க, எருமையத் தொலைச்சீங்க, பொறுத்துக்கிட்டேன். இப்ப சென்டரையே தொலைக்கறதுக்கு சம்பளமும் குடுக்கறாங்களா உங்களுக்கு?"

மறு வாரம் பாலக்காட்டு டவுனிலிருந்து ஒரு இளம் இன்ஜினியர் வந்தார். கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர், நெற்றியில் சந்தனம், கையில் ஸ்க்ரூ டிரைவர். பலகையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"மணி அடிக்கறதே ஓய், அப்பறம் ஏன் யாரும் எழுந்துக்கலை?"

"அது எப்பவுமே அடிக்குமுங்க."

"எப்பவும்னா?"

"பாலு ஊத்தறப்ப அடிக்குமுங்க. ஊத்தாதப்ப கதவை ஓங்கிச் சாத்துனா அடிக்குமுங்க. கோயில் மணியாச்சும் வேளை பாத்து அடிக்கும். இது சும்மா அடிச்சுக்கிட்டே கெடக்குதுங்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து பலகைக்கு வைத்தியம் பார்த்தோம். ஊற்றும் பால் சூடாக இல்லாமல் எப்படி இருக்கும்? ஊற்றும் இடத்தில் சூடு பார்க்கிற கம்பியைக் கழற்றி, பால் குளிர்ந்து சேருகிற தொட்டிக்குள் விட்டார். அங்கே சூடேறினால்தான் வம்பு. எதற்கென்று தெரியாத ஐந்தாவது பல்புக்கு ஓய்வு கொடுத்தோம். மிச்சமிருந்த நாலு பல்புக்கும் கீழே நான் ஆளுக்கொரு படம் வரைந்தேன், எழுதத் தெரியாதே. கம்ப்ரசருக்கு அந்த ஆளின் மீசை. ஐஸ் தண்ணீர்த் தொட்டிக்குக் கேன் கழுவுகிறவரின் தொப்பை. பாலுக்கும் மோட்டாருக்கும் என் பெரிய காது. யார் படம் எரிகிறதோ அவர்தான் போக வேண்டும். மற்றவர் கூடவே போகலாம், ஆனால் அவர் போகாமல் இருக்க முடியாது. தொப்பைக்காரர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் ஓடினார்.

தினமும் முதல் கேன் வருவதற்கு முன் பால் தொட்டிக் கம்பியின் நுனியை ஒரு டம்ளர் சூடான டீயில் முக்குவேன். மணி அடித்தால் மணிக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். கம்பியைக் கழுவி உள்ளே விட்டபின் டீயை நானே குடித்துவிடுவேன். இன்ஜினியர் சொல்லிக் கொடுத்தது முதல் பாதி. இரண்டாம் பாதி என் சொந்தக் கண்டுபிடிப்பு.

இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு ஒரு சந்தேகம். டீ குடித்த பிறகு பியூஸ் போனால்? வேப்பமரத்தடியில் படுத்து யோசித்தபோதுதான் உறைத்தது. எருமையின் கழுத்து மணி கேட்கும்வரை எருமை மேய்கிறது. சத்தம் நின்றால்தான் அது கை நழுவிப் போயிருக்கும். அப்போது எழுந்து ஓடியிருக்க வேண்டும். நானோ, சத்தம் நின்றதே என்று இன்னும் சுகமாகப் புரண்டு படுத்திருக்கிறேன். சென்டரிலும் அதே படுக்கைதான்.

மறுநாள் எங்கள் எருமையின் வெண்கல மணியை அவிழ்த்துக்கொண்டு போனேன். தகடுகளைச் சுற்றிவரும் ஐஸ் தண்ணீர் கடைசியில் ஒரு குழாய் வழியாகத் தொட்டியில் திரும்பி விழும். அந்தக் குழாயின் வாயில் மணியைக் கட்டித் தொங்கவிட்டேன். தண்ணீர் தள்ளத் தள்ள அது டிண் டிண் என்று அடித்துக்கொண்டே இருந்தது. வாசல்வரை கேட்டது. இரண்டு நாளில் யார் காதிலும் அது விழவில்லை, அவ்வளவு பழகிவிட்டது.

"எருமை களுத்துல இருந்த மணி எங்கீங்க?" என்றாள் மனைவி.

"சர்க்கார் வேலைக்குப் போயிருக்குது."

இன்ஜினியர் அதைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "ஆபீஸ்ல கேட்டா நான் என்னத்தைச் சொல்றது ஓய்? எருமை மணியாக்கும்னு ரிப்போர்ட் எழுதவா?" ஆனால் கழற்றச் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு சாயங்காலம் பிரசிடெண்ட் சென்டரைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். பூட்டுவதா வேண்டாமா என்று அன்றைக்குத் தீர்மானம். கேன் கேனாகப் பால் வந்துகொண்டிருந்தது. நான் அலங்காரத்தைக் கையில் எடுத்தேன். வாசலில், சுவரில், ஐஸ் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, கழிவறைக் கதவில்கூடக் குருத்தோலைத் தோரணம் கட்டினேன். பிரசிடெண்ட் ஜீப்பிலிருந்து இறங்கினார். மாலை போடும் பொறுப்பும் எனக்கே. மாலையைத் தூக்கினேன். அவர் தலையைக் குனிந்தார்.

அப்போது எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மாலையோடு திரும்பி ஓடினேன். குனிந்த தலை குனிந்தபடியே நின்றதாகப் பிற்பாடு சொன்னார்கள். "ஏனுங்க, எங்கீங்க ஓடறீங்க?" என்று மனைவி கத்தினாள். பலகையில் ஒரு பல்பும் எரியவில்லை. மோட்டார் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடுகிறதா என்று மட்டும்தான் பலகை கேட்கும், தண்ணீர் வருகிறதா என்று கேட்காது. குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எருமை மணி ஊமையாகத் தொங்கியது.

தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். நான் ஆசை ஆசையாகக் கட்டிய தோரணம் அறுந்து விழுந்து, தண்ணீர் உறிஞ்சும் வாயை அடைத்துக்கொண்டு கிடந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டு, தோள்வரை கையை விட்டேன். ஐஸ் தண்ணீர்! கை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஓலையைப் பிய்த்து வெளியே எறிந்தேன். கேன் கழுவுகிறவர், தன் படம் எரியாதபோதும், ஓடிவந்து, காற்றுப் பிடித்த பம்பில் தண்ணீர் ஊற்றினார். மோட்டாரைப் போட்டோம். குழாய் இருமியது, துப்பியது, பிறகு கொட்டியது.

டிண். டிண். டிண்.

பின்னாலேயே வந்து நின்ற பிரசிடெண்ட் தொட்டிப் பாலைக் கையில் ஊற்றச் சொன்னார். குடித்தார். பல் கூசியிருக்க வேண்டும், முகம் கோணியது. அந்தக் கோணலைப் போல அழகான முகத்தை நான் பார்த்ததில்லை.

"பல்பு எரியலை, மணி அடிக்கலை. என்ன கேட்டு ஓடியாந்தே?"

"ஒண்ணுமே கேக்கலீங்க. அதுதானுங்க ஓடியாந்தேன்."

அவர் குழாயையும் மணியையும் பார்த்தார். பூட்டுவதற்காகக் கொண்டுவந்திருந்த சாவிக் கொத்தை ஜிப்பாப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இனிப் பூட்டற பேச்சில்லை," என்றார். நனைந்து தொங்கிய மாலையை என் கையிலிருந்து வாங்கி என் கழுத்திலேயே போட்டார். வரிசையில் நின்ற பெண்கள் கேன் மூடியில் தாளம் தட்டினார்கள். லாரி நிறையப் பால் ஏறிப் பாலக்காட்டுக்குப் போனது. அடுத்த முறை இன்ஜினியர் வந்தபோது சந்தையில் வாங்கிய இன்னொரு எருமை மணியைக் கொண்டுவந்தார், கம்ப்ரசரைக் குளிரவைக்கும் தண்ணீர்க் குழாய்க்கு.

பிரசிடெண்ட் மாலை போட்ட அன்று அதோடு ஊர்வலமாக வீடு வந்தேன். கழுத்தை நிமிர்த்தி, இரண்டு தெரு சுற்றி. என் மனைவி முன்னால் நடந்தாள், எங்கள் எருமையே லாரியை ஓட்டிப்போனது போல.

"மணி அதோடது," என்றாள் வாசலில். "மாலையும் அதுக்குத்தானுங்க."

நான் மறுத்துப் பேச வாயெடுப்பதற்குள் எருமை மாலையைப் பாதி தின்றுவிட்டது. மீதியையும் கொடுத்தேன். சாமந்தி மென்றுகொண்டே அது என்னைப் பார்த்தது. முதல் தடவையாக அதைத் தேடாமல் நேருக்கு நேர் பார்த்தேன்.