பானைக்கு இடமில்லாத வண்டி

2024 மார்ச் 14, வியாழக்கிழமை, காலை ஒன்பது பத்து. பொகோட்டா நகரின் வடக்கே இருந்த கார் விற்பனைக் கூடத்தின் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு நொஎமி குபீதெஸ் உள்ளே வந்தபோது, அவளுடைய ஒரு கையில் குழந்தை இருக்கையும் மறு கையில் மூடி போட்ட பெரிய அலுமினியப் பானையும் இருந்தன. விற்பனை மேலாளன் ஒவீதியோ சப்பாரோ, பாத்திரம் விற்க வந்தவள் என்றே அவளை நினைத்தான்.

"அம்மா, இங்க யாரும் சமைக்கிறதில்லை."

"அது உங்க வண்டியைப் பார்த்தாலே தெரியுது," என்றபடி அவள் நடுவில் நின்ற சாம்பல் நிற திங்குவா காரின் டிக்கியைத் திறந்து பானையை உள்ளே வைத்தாள். டிக்கிக் கதவு பானை மூடியில் இடித்து நின்றது. "நாலு விரல் இடிக்குது. லீவு நாள்ல ஆத்தங்கரைக்குச் சமைச்சுச் சாப்பிடப் பானை இல்லாம எந்தக் குடும்பம் போகும், சொல்லுங்க தோன்." ஆணைத் தோன் என்றும் பெண்ணைத் தோன்யா என்றும் மரியாதையாக அழைப்பது அவ்வூர் வழக்கம்.

"அடியில பேட்டரி இருக்கும்மா. பெட்ரோல்லயும் பேட்டரியிலயும் ஓடற ஹைபிரிட் வண்டி இல்லையா?"

"பேட்டரியை வேக வெச்சு சூப்பு காய்ச்ச முடியுமா?"

அப்போதுதான் அந்தக் குரலை அவன் அடையாளம் கண்டுகொண்டான். சனிக்கிழமைதோறும் ஃபொந்திபோன் பேட்டை வானொலியில் கால் மணி நேரம் ஒலிக்கும் குரல் அது. பதினாறு ஆண்டுகள் பள்ளி வேன் ஓட்டியவள் நொஎமி. அத்தனை ஆண்டுகளில் வேனில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்பதை அப்பேட்டையில் எல்லோரும் அறிவர். மைக்கைப் பிடித்த பிறகு, எந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றலாம், எதில் ஏற்றக் கூடாது என்று அவள் சொல்வதைக் கேட்காமல் அங்கே யாரும் முன்பணம் கட்டுவதில்லை. கீறல் விழாத அந்தப் பெயரும் அந்தக் கால் மணி நேரமும்தான் அவளுடைய சொத்து. அந்த நேரத்துக்கு விளம்பரம் கொடுத்து வந்தவரோ இதே கூடத்தின் உரிமையாளர் தோன் எவெலியோ.

எண் தகட்டின் கடைசி இலக்கத்தைப் பார்த்து, வேலை நாட்களில் நாள் விட்டு நாள் வண்டியை வீட்டிலேயே நிறுத்தச் சொல்லும் ஊர் பொகோட்டா. ஹைபிரிட் வண்டிக்கு அந்தத் தடை கிடையாது. ஆகவே திங்குவாவை விற்க அதிகம் பேச வேண்டியதில்லை என்று தோன் எவெலியோ நம்பினார். புனித வார விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை நொஎமி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அதைச் சொல்லவைப்பது ஒவீதியோவின் வேலை. அவனுடைய மேலாளர் பதவி இன்னும் உறுதிசெய்யப்படவில்லை.

ஞாயிறு காலை, நொஎமியின் மூன்று பிள்ளைகளோடு ஆற்றங்கரைவரை சோதனை ஓட்டம். நகருக்குள் நொஎமியே ஓட்டினாள். 'படுத்த போலீஸ்' என்று ஊரார் பெயரிட்டிருந்த வேகத்தடைகள் ஒவ்வொன்றிலும் வேண்டுமென்றே ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்றி இறக்கினாள். சந்தைத் தெரு நெரிசலில் இஞ்சின் அடங்கி மோட்டார் மட்டும் ஊர்ந்தபோது கண்ணாடியை இறக்கிவிட்டுச் சத்தத்துக்குக் காது கொடுத்தாள்.

"நல்லா இருக்கு. தூங்குற பிள்ளை எழுந்திருக்காது. ஆனா தெருவுல நடக்குறவனுக்கும் வண்டி வர்றது கேட்காது. ஹாரன்ல கை இருக்கணும்."

மலை தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினாள். "இனிமே நீங்க ஓட்டுங்க. எந்த வண்டியையும் பாதி தூரம் ஓட்டிப் பார்க்கணும், பாதி தூரம் உட்கார்ந்து பார்க்கணும்."

பின் இருக்கையில் சின்னவர்கள் இருவரின் குழந்தை இருக்கைகளுக்கு நடுவே, மடக்கிய குடையைப் போல அவள் தன்னைச் செருகிக்கொண்டாள். மூத்த மகள் ஷாரிக்குக்குப் பன்னிரண்டு வயது; அவள் முன்னால் ஏறினாள். டிக்கியில் இடம் கிடைக்காத பானை அவள் மடியில் பயணம் செய்தது.

வில்லேத்தா ஊரின் தாழ்வான வெப்ப நிலத்தை நோக்கிப் பாதை வளைந்து வளைந்து இறங்கியது. திரையில் தெரியும் பெட்ரோல் கணக்கு அழகாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் ஒவீதியோவுக்கு. அவனுடைய தந்தை பழைய ஜீப்பில் செய்தது, மாமன் லாரியில் செய்தது, மலைக்காரர் அனைவரும் செய்வது எதுவோ, அதையே அவன் கையும் தானாகச் செய்தது. பாதி மலை இறங்குவதற்குள் முன் சக்கரங்களிலிருந்து புகை கிளம்பியது. சாலையோரத்தில் கோழி சுடும் கடை ஒன்றின் முன்னே எப்படியோ வண்டியை நிறுத்தினான்.

கடைக்காரர் விசிறியும் கையுமாக வந்தார். "என்ன தோன், கோழி சுடறது எங்க பொழைப்பு. நீங்க காரையே சுட ஆரம்பிச்சுட்டீங்களே!"

"பிரேக்குல ஏதோ கோளாறு," என்றான் ஒவீதியோ.

"கோளாறு பிரேக்குல இல்லை," என்றாள் ஷாரிக், பானைக்கு மேலாக முகத்தை நீட்டி. "இந்த மாமா மேலேருந்தே நியூட்ரல்ல வந்தாரு. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

நொஎமி திட்டவில்லை. சக்கரங்கள் ஆறும்வரை ஒரு கோழிக்காலைத் தின்றாள். பிறகு ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, இறக்கத்தில் வண்டியின் வேகத்தைத் தானே இழுத்துப் பிடிக்கும் 'B' நிலைக்கு கியரைத் தள்ளி, பிரேக்கை அதிகம் தொடாமல் மீதி மலையை இறக்கினாள். ஆற்றங்கரையை அடைவதற்குள் காலியாகியிருந்த பேட்டரி நிரம்பிவிட்டது. சூப்பும் கொதித்தது. திரும்பி மலையேறும்போது அத்தனை பேரையும் சுமந்த இஞ்சின் இரைந்து முணுமுணுத்ததே தவிர எங்கும் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை தோன் எவெலியோ இருவரையும் அறைக்கு அழைத்தார். மேசைமேல் கருகிய பிரேக் கட்டைகள் கிடந்தன.

"என்னம்மா இது? பதினாறு வருஷம் வேன் ஓட்டின கை பண்ணின வேலையா இது?"

நொஎமி ஒவீதியோவைப் பார்த்தாள். அவன் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: நான்தான் ஓட்டினேன். அவன் தன் காலணியின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வண்டி என் பொறுப்புல இருந்துச்சு," என்றாள் அவள்.

"சரி, நான் மறந்துடறேன். நாளைக்கு ரேடியோவுல இதை அப்படியே வாசிச்சுடுங்க." அச்சிட்ட தாள் ஒன்றை நீட்டினார். "இல்லைன்னா விளம்பரம் கிடையாது. பிரேக்கை எரிச்சது யாருன்னு ஊர் பூரா சொல்லுவேன்."

"சொல்லுங்க. ஊர் என்கிட்டயும் கேட்கும்."

படியிறங்கும்போது ஒவீதியோ பின்னாலேயே ஓடினான். "தோன்யா நொஎமி, நான் வந்து..."

"காலணி முடிச்சு அவிழ்ந்திருக்கான்னு நல்லா பார்த்துக்கிட்டீங்களா?" என்றாள் அவள், திரும்பாமலேயே. "நாளைக்கு ரேடியோ கேளுங்க."

சனிக்கிழமை, கூடத்தில் வாடிக்கையாளர்கள் நிறைந்திருக்க, ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது.

"வணக்கம், அக்கம்பக்கத்தாரே. இந்த வாரம் ஒரு தாளைக் குடுத்து வாசிக்கச் சொன்னாங்க. அதுல பானையைப் பத்தி ஒரு வரிகூட இல்லை. அதனால வாசிக்கப் போறதில்லை. திங்குவா நகரத்துக்கு நல்ல வண்டி. நெரிசல்ல சத்தம் போடாது, பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாத்தான் குடிக்கும். ஆனா பின் சீட்டு நடுவுல பெரியவங்க உட்கார முடியாது; நான் உட்கார்ந்தேன், இடுப்பு இன்னும் வலிக்குது. நம்பர் பிளேட்டுத் தடை இல்லைங்கிற ஒரே காரணத்துக்காக வாங்காதீங்க. பிளேட்டு மேல ஏறியா குடும்பம் போகப் போகுது?"

கூடத்தில் சிலர் சிரித்தனர். தோன் எவெலியோ கைப்பேசியை எடுத்தார்.

"நாளைக்குப் பாதி ஊர் மலை இறங்கப் போகுது. நியூட்ரல்ல இறங்காதீங்க! நம்ம அப்பன்மார் விட்டுட்டுப் போன கஞ்சத்தனம் அது. இந்த வண்டி இறக்கத்துலதான் பேட்டரிக்குச் சோறு போடுது. நியூட்ரல்ல போட்டா அது வாயைக் கட்டுறீங்க. மலையோட பாரத்தை பிரேக்கு ஒண்டியா தாங்கணும். போன ஞாயித்துக்கிழமை அந்தப் புகையை நான் கண்ணால பார்த்தேன். யார் ஓட்டினதுன்னு கேட்காதீங்க. சீட்டுல யார் இருந்தா என்ன? நாளைக்கு நீங்களும் அதையேதான் பண்ண இருந்தீங்க. விக்கிறவங்க இதை முதல்ல சொல்லியிருக்கணும். அவங்க சொல்லலை, நான் சொல்றே..."

பாதிச் சொல்லில் விளம்பர இசை புகுந்தது. அதன்பிறகு அந்த வானொலியில் அவள் குரல் கேட்கவில்லை. பிரேக்கை எரித்தவள் என்ற பேச்சுதான் பேட்டை முழுவதும் பரவியது.

நொஎமி வீட்டில் உட்காரவில்லை. ஞாயிறுதோறும் சந்தையின் வண்டி நிறுத்துமிடத்தில் பானையோடும் குழந்தை இருக்கையோடும் வந்து நின்றாள். வாங்கப்போகும் வண்டியைக் கொண்டுவந்து காட்டுவோர் வரிசை மெல்ல நீண்டது. ஒவீதியோவின் பதவி உறுதியானது. திங்குவா வாங்கும் ஒவ்வொருவருக்கும் 'B' நிலையைத் தொட்டுக் காட்டாமல் அவன் சாவியைக் கொடுப்பதில்லை. ஏன் என்று எவரிடமும் சொன்னதுமில்லை.

அடுத்த ஆண்டு ஒரு ஞாயிறன்று, தனக்கென வாங்கிய திங்குவாவோடு அவனும் அந்த வரிசையில் போய் நின்றான். அவன் முறை வந்தபோது உருளைக்கிழங்கு வண்டிக்காரன் ஒருவன் தூரத்திலிருந்து கத்தினான்: "ஏ, பிரேக் எரிச்ச அம்மா! இன்னிக்கு எதை எரிக்கப் போறீங்க?"

"உன் வண்டியைக் கொண்டா, சொல்றேன்!" என்று அதே உரப்பில் கத்தினாள் நொஎமி. வரிசை சிரித்தது.

ஒவீதியோ வாயைத் திறந்தான். சுற்றிலும் ஆட்கள் நின்றனர். சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

"தோன்யா நொஎமி, அன்னைக்கு..."

"டிக்கியைத் திறங்க தோன், பின்னால ஆள் நிக்குறாங்க."

அவள் பானையை வைத்துக் கதவை இறக்கினாள். அது மூடியில் இடித்து நின்றது.

"இன்னும் அதே நாலு விரல். உங்க கம்பெனிக்காரங்ககிட்ட சொல்லுங்க," என்று பானையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்தாள்.

அவன் அவளுக்குத் தர வேண்டியிருந்த அந்த ஒற்றை வாக்கியம் அவன் வாயிலேயே தங்கிவிட்டது. அதைச் சொல் என்று அவள் அன்றும் கேட்கவில்லை, பிறகு எத்தனையோ ஞாயிறுகளில் எதிர்ப்பட்டபோதும் கேட்கவில்லை.