ரெண்டு சாண் மேடு

காலையில் எழுந்ததும் பாஸ்கல் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துவந்து வாசலில் ஊற்றுவார். முகம் கழுவ அல்ல, வாசல் தெளிக்கவும் அல்ல. அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கத்தான். தண்ணீர் கொஞ்சம் தயங்கிவிட்டுப் பின்தெருப் பக்கமாக நெளிந்து போகும். "பாத்தியா? எங்க போவுது பாரு!" என்று வீட்டுக்குள் குரல் கொடுப்பார். குழாயடியில் நாலு பேரோடு மல்லுக்கட்டி அந்தத் தண்ணீரைப் பிடித்து வந்த அவர் மனைவி வியாகுலம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ராயபுரத்தில் மாதா கோவிலுக்குப் பின்னால் இருக்கும் அந்த இரண்டு தெருக்களும் புதிதாய் வருகிறவன் கண்ணுக்கு ஒரே தட்டைதான். ஆனால் பாஸ்கலின் தெருவுக்கு மேடு என்று பெயர், பின்தெருவுக்குப் பள்ளம். வித்தியாசம் இரண்டு சாண் இருக்கும். மழைக்காலம் தவிர மற்ற நாளில் யாரும் அதை நினைப்பதில்லை, பாஸ்கலைத் தவிர. துறைமுகத்தில் விஞ்ச் ஓட்டுகிற மனுஷன். மூட்டைகளை ஏற்றி இறக்குவது தொழில். அது போதாதென்று மனிதர்களையும் ஏற்றி இறக்குவார். பின்தெருவுக்குக் கிளம்பினால் "கீழ போயிட்டு வரேன்" என்பார். திரும்பி வந்ததும் மலை ஏறி வந்தவர்போல் வாசலில் நின்று மூச்சு வாங்குவார்.

இந்தக் கிறுக்கு குன்னூரில் பிடித்தது. யுத்தத்தில் குண்டுக்குப் பயந்து பட்டணம் காலியானபோது அங்கே மிலிட்டரி கட்டட வேலைக்குப் போயிருந்தார். "உச்சீல தொரைங்க பங்களா. அதுக்குக் கீழ கிளார்க்குங்க. அதுக்கும் கீழ கடைக்காரனுங்க. கீழ வரவர கலீஜு. ஒருத்தன் எங்க குடி கீறான்னு பாத்தா போதும், அவன் யாருன்னு சொல்லிடலாம்" என்பார்.

"நீ எங்கய்யா குடியிருந்தே?" என்று ஒருநாள் வியாகுலம்மாள் கேட்டாள். பாஸ்கல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆற்றோரம், மார்க்கெட் சாக்கடைக்கும் கீழே என்று குன்னூரில் அவரோடு வேலை பார்த்த சௌக்கத் அலி அவளிடம் முன்பே சொல்லியிருந்தார். அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்துக்கொண்டிருந்தால் மகளுக்குக் கல்யாணம் நடக்குமா?

பள்ளத்து ரோஸ்மேரியின் மகன் வால்டர், பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் ஃபிட்டர். குடி கிடையாது, ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறமாட்டான். மகள் ஃப்ளோராவுக்கும் அவனைத் தவிர வேறு நினைப்பில்லை. ரோஸ்மேரி இரண்டு தரம் வந்து பெண் கேட்டாள். ஃப்ளோரா வயதுப் பெண்களெல்லாம் இடுப்பில் பிள்ளையோடு கோவிலுக்கு வருகிறார்கள். பாஸ்கலோ, "மேட்லேர்ந்து பள்ளத்துக்குத் தண்ணி போவும், பொண்ணு போவாது" என்று ஒரே பிடியாக நின்றார்.

"குன்னூருல மலை கீது. இங்க இன்னா கீது? ரெண்டு சாணு மண்ணு! அத்த வச்சிகினு பொண்ண வூட்லயே கிழவியாக்கப் போறியா?" என்று வியாகுலம்மாள் தொண்டை வறளக் கத்தினாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஐப்பசிக்கு முன்னால் பள்ளத்தில் ரோடு போட ஆட்கள் வந்தார்கள். ஜல்லியும் பவர் ஹவுஸ் சாம்பலும் வண்டி வண்டியாக வந்து இறங்கின. ஒரு காலை, பாஸ்கல் ஊற்றிய தண்ணீர் எந்தப் பக்கமும் போகாமல் ஊற்றின இடத்திலேயே நின்றது. அவர் வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "தண்ணிக்கு இன்னிக்கி ஒடம்பு சரியில்லே" என்றார். வியாகுலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அடைமழை பிடித்த அன்று மேட்டுத் தெரு வீடுகளுக்குள் கெண்டைக்கால் அளவு தண்ணீர் ஏறிவிட்டது. அடுப்பு முழுகிப்போயிற்று. பள்ளத்து வீடுகள் வெள்ளத்துக்குப் பயந்து முன்பே படி வைத்துக் கட்டியவை, புது ரோட்டோடு தப்பின. ரோஸ்மேரி குடையோடு வந்து வாசலில் நின்றாள். "அக்கா, பொண்ணக் கூட்டிகினு மேல வாங்க. சோறு ஆக்கி வச்சிகீறேன்."

மேல! வியாகுலம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். ரோஸ்மேரி குத்திக் காட்டவில்லை, இருக்கிறதைத்தான் சொன்னாள். பாஸ்கல் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "வடிஞ்சிடும், நீங்க போங்க" என்றார்.

"எங்கய்யா வடியும்? இனிமே எங்க வடியும்? ஒன் மலை கரைஞ்சி போச்சுய்யா!" கத்திவிட்டு அவள் ஃப்ளோராவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். போகும்போது அவளுக்கே அழுகை வந்தது. அந்த ஆளோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கிறாளே.

சாயங்காலம்வரை தண்ணீர் வடியவில்லை. பாஸ்கல் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரைத் துழாவித் துழாவி வந்தார். புது ரோட்டின் ஓரத்தில் வால்டர் உட்பட எல்லோரும் நின்றிருந்தார்கள். வியாகுலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரோடு தண்ணீருக்கு மேல் ஒரு சாண் இருந்தால் அதிகம். எட்டி ஒரு கால் வைத்தால் ஏறிவிடலாம். பாஸ்கல் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ஒசரமாத்தான் கீது, மாப்ளே" என்று சொல்லி, வால்டரிடம் கையை நீட்டினார்.