ஏறும் முன்னே கட்டிய பேனர்

திண்டிவனத்தில் ப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறான் அறிவுச்செல்வன். வயது முப்பத்தாறு. அவன் தொழிலில் எதுவும் நடந்து முடியட்டும் என்று காத்திருக்க முடியாது. தாலி ஏறுவதற்கு முன்பே மணமக்கள் மாலையோடு ரோட்டோரம் நிற்க வேண்டும். ஓட்டு எண்ணுவதற்கு முன்பே வாக்காளப் பெருமக்களுக்கு நன்றி தயாராக இருக்க வேண்டும். கறுத்த மாப்பிள்ளையை வெளுப்பாக்குவான். செத்துப்போனவர் லுங்கியோடு எடுத்த ஒரே போட்டோவுக்குக் கோட்டு மாட்டிவிடுவான். இதையெல்லாம் பொய் என்று அவன் ஒருநாளும் நினைத்ததில்லை. ஊரும் நினைக்காது. பேனர் இல்லாமல் நடந்த காரியத்தை இங்கே யாரும் காரியமாகவே ஒத்துக்கொள்வதில்லை.

ஆகவே அவனும் இரண்டு நண்பர்களும் இமயமலைக்குப் போவது என்று முடிவானதும் முதல் வேலையாகப் பேனர்தான் தயாரானது.

மூவரும் திண்டிவனம் கல்லூரியில் ஒரே பெஞ்சு. சித்தார்த்தன் விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. மாஸ்டர், பழைய கபடி ஆட்டக்காரன். செல்வகுமாருக்குக் கண்டாச்சிபுரத்தில் உரக்கடை. ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு சித்தார்த்தன்தான் ஆரம்பித்து வைத்தான்: உத்தராகண்டில் பன்னிரண்டாயிரம் அடிக்கும் மேலே, டிசம்பரில் உறைந்து கிடக்கும் ஓர் ஏரி. பயிற்சிக்கென்று நாலு ஞாயிற்றுக்கிழமை பனமலைக் குன்றில் ஏறினார்கள். கோயில் வாசலில் உட்கார்ந்து அவித்த மல்லாட்டைக் கடலை தின்றுவிட்டு இறங்கினார்கள். இமயமலை இதைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான் என்றான் செல்வகுமார். அந்த மண்டூகத்தின் பேச்சுக்கு மற்ற இரண்டு பேரும் சிரிக்க வேறு செய்தார்கள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ரயில். கிறிஸ்துமஸ் அன்றே விக்கிரவாண்டி டோல்கேட் பக்கம், சர்வீஸ் ரோட்டில், பேனர் ஏறிவிட்டது. இன்டர்நெட்டில் எடுத்த ஏரி, அதன் முன்னால் கூலிங் கிளாஸ் போட்ட மூன்று பேர், நடுவில் சித்தார்த்தன். 'உறைந்த ஏரியைத் தொட்டுத் திரும்பிய எங்கள் இமயச் சிங்கங்களே, வருக வருக!' அறிவு ஏணியில் நின்று கட்ட, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் சித்தார்த்தனின் மனைவி ஜெசிந்தா. காதல் கல்யாணம். அவளுடைய அண்ணன்மாருக்கு இந்த பி.டி. மாஸ்டர் என்றால் இன்றைக்கும் இளப்பம்தான்.

"நல்லாத் தெரியற மாதிரி கட்டுங்கண்ணா. எங்க அண்ணனுங்கோ தெனம் இந்த வழியாத்தான் போவாங்கோ" என்றாள்.

மலையில் அவர்களோடு வந்த வழிகாட்டி பாதி தாடி நரைத்த மனிதர். இந்தி தவிர வேறு தெரியாது. மூவரில் இந்தி தெரிந்தவன் அறிவு மட்டும்தான். புனேயில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவன். தினமும் சாயங்காலம் அந்த மனிதர் டெண்டு வாசலில் குந்தி ஒரே கேள்வியைக் கேட்பார். தலைவலி உண்டா, வாந்தி உண்டா? மறைக்காமல் சொல்லுங்கள். கீழே இறங்கினால் தன்னால் சரியாகிவிடும், அதோடு மேலே ஏறினால் ஆள் மிஞ்சமாட்டான். அறிவு அதைத் தமிழில் சொல்வான். இவர்கள் சொல்வதை இந்தியில் சொல்வான்.

மூன்றாம் நாள் சாயங்காலம், ஏரிக்கு ஒரு நாள் நடை பாக்கி. செல்வகுமார் சூப்பு வாங்கப் போயிருந்தான். சித்தார்த்தன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், காலைலேர்ந்து தலை வெடிக்குதுடா. ரெண்டு தபா வாந்தி எடுத்துட்டேன். அந்தாளுகிட்ட சொல்லிடாத."

"டேய், பேஜாராப் பூடும்டா. எறங்கிடலாம்."

"எறங்கி? அங்க பேனரு கட்டிட்டு வந்துக்கிறோம். தொட்டுத் திரும்பியன்னு போட்டுக்கிற நீ. பாதில போயி இன்னா மூஞ்சியோட நிக்கறது? பசங்களுக்கு நான் பி.டி. வாத்தியாருடா."

உண்மையைச் சொல்லவேண்டும் என்றால் அறிவின் கண்முன் வந்தது நண்பனின் தலைவலி அல்ல. அதே ஏணியில் ஏறி, போகிற வருகிறவன் எல்லாம் பார்க்க, அந்தப் பேனரைத் தன் கையாலேயே அவிழ்த்து இறக்குவதுதான் வந்தது. சித்தார்த்தனின் பையிலிருந்த தைலத்தை எடுத்து அறிவு அவன் நெற்றியில் தேய்த்துவிட்டான். குளிர்தான், காலையில் சரியாகிவிடும் என்று தனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டான். வழிகாட்டி வந்தார், வழக்கம்போலக் கேட்டார். எல்லோரும் நன்றாக இருக்கிறோம், பசிதான் தாங்கவில்லை என்று இந்தியில் சொன்னான் அறிவு. அந்த மனிதர் சிரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் மதியம் ஏரியைத் தொட்டார்கள். சித்தார்த்தன் குனிந்து பனிக்கட்டியில் உள்ளங்கையை வைத்தான், செல்வகுமார் போட்டோ எடுத்தான். திரும்புகிற வழியில் கால் பின்னியது, பேச்சு குழறியது, மூச்சில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. வழிகாட்டியும் இரண்டு சுமையாட்களும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரோட்டுக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது.

கண்ணீர் அஞ்சலி பேனரை விழுப்புரத்தில் வேறு கடையில் அடித்துக்கொண்டார்கள். அறிவுக்கு உடம்பு சரியில்லை என்று செல்வகுமார்தான் எல்லோரிடமும் சொன்னான். அடக்கத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுவிட்டு வந்த அறிவு அதற்குப் பிறகு விக்கிரவாண்டிப் பக்கம் போகவில்லை. அந்தச் சாயங்காலம் அவன் இந்தியில் சொன்னது என்ன என்று செல்வகுமாருக்குத் தெரியாது. வழிகாட்டிக்குத் தமிழ் தெரியாது. மூன்றாமவன் மண்ணுக்குள் இருந்தான். தன்னைத் தவிர இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது என்பதுதான் அறிவுக்குப் பெரிய பயமாக இருந்தது, அதுவே கொஞ்சம் தைரியமாகவும் இருந்தது. அந்தத் தைரியத்தை நினைத்தால் அவனுக்கே அருவருப்பாக இருக்கும்.

மார்ச் கடைசியில் செல்வகுமார் போன் செய்தான்.

"சித்து பேர்ல கபடி மேட்ச் வெக்கறோம்டா. பெரிய பேனரு ஒண்ணு அடி. ஏரியாண்ட எடுத்த போட்டோ அனுப்பிக்கிறேன். இமயத்தை வென்ற மாவீரன்னு போடு. ஒதடு மட்டும் நீலமாக் கீது, கொஞ்சம் சரி பண்ணிடு."

அறிவு படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து பெரிதாக்கினான். நண்பன் சிரித்துக்கொண்டிருந்தான். உதடு நாவற்பழம் தின்றவன் உதடு மாதிரி இருந்தது. அறிவு எத்தனையோ உதடுகளுக்குச் சிவப்பு ஏற்றியிருக்கிறான், இரண்டு நிமிஷ வேலை. மவுஸைப் பிடித்த கை நகரவில்லை. ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு, படத்தைப் போனில் ஏற்றிக்கொண்டு, பைக்கை எடுத்தான்.

டோல்கேட் பக்கம் பழைய பேனர் இன்னும் அப்படியே நின்றது. யாருக்கும் அவிழ்க்க மனம் வரவில்லை போலிருக்கிறது. ஒரு மூலை கிழிந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா வாசலில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். கிறிஸ்துமஸுக்குக் கட்டிய காகித நட்சத்திரத்தைக்கூட வீட்டில் இறக்கவில்லை. அவனைப் பார்த்ததும் எழுந்தவள் வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. முகம் வெளுத்துப்போயிற்று.

"அவரு உங்ககிட்ட சொல்லிட்டாரா?" என்றாள்.

"இன்னாம்மா?"

"தெரியும், அதான் நீங்க வரவே இல்ல." தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மலை மேல கடைசி ஊர்ல இருந்து போன் பண்ணாருண்ணா. ஒரு மாதிரி கீது, தலை வலிக்குது, திரும்பிடலாமான்னு பாக்கறேன்னாரு. நான்தான்... எங்க அண்ணனுங்கோ பேனரப் பாத்துட்டுப் போயிக்கிறாங்க, பாதில வந்தா காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்கோ, தைலத்தைத் தேச்சிக்கினு போயிட்டு வான்னேன். நான் வான்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா வந்துருப்பாருண்ணா. நான்தான் அனுப்பிட்டேன்."

அறிவுக்கு அந்தத் தைலத்தின் வாசனை மூக்கில் ஏறியது. இப்போது வாயை மூடிக்கொண்டு எழுந்து போய்விடலாம். பாரம் முழுக்க அவள் தலையில் போய்விடும், அவள் கேட்கவும் மாட்டாள். அந்த நினைப்பு வந்ததே, அதுதான் அவனை உலுக்கியது. அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். வழிகாட்டி கேட்டது, சித்தார்த்தன் கெஞ்சியது, தான் இந்தியில் சொன்னது, பசி என்று சேர்த்துக்கொண்ட அந்தக் கேலி, ஏணியை நினைத்துக் கூசியது, இன்றைக்கு உதட்டுக்குச் சாயம் ஏற்ற உட்கார்ந்தது வரைக்கும்.

ஜெசிந்தா அழவில்லை. கையை நீட்டினாள்.

"அந்தப் போட்டோவக் காட்டுங்க."

போனை வாங்கி உதட்டின் மேல் விரலை வைத்தாள். விரல் பட்டதும் படம் பெரிதானது. அவள் விரலை எடுக்கவில்லை.

"இத மாத்தாதீங்க. எப்டி கீதோ அப்டியே போடுங்க. வர்றவங்கோ பாக்கட்டும்."

"சரிம்மா."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். அறிவு எழுந்தான். மூன்று மாதத்தில் முதல் தடவையாக முழு மூச்சு விட்டான். வண்டிச் சாவியைக் கையில் எடுத்துப் படி இறங்கியபோது பின்னால் அவள் குரல் கேட்டது. சத்தமே இல்லாத குரல்.

"தெனம் விடிஞ்சா, நான்தான் கொன்னுட்டேன், நான்தான் கொன்னுட்டேன்னு எழுந்துக்கினு இருந்தேனே அண்ணா. மூணு மாசம். அப்பல்லாம் நீங்க எங்க இருந்தீங்க?"

திண்டிவனத்தில்தான் இருந்தான். பைக்கில் அரைமணி நேரம்.